கல்சித்தோணி

மசூருக்கு இரண்டு வருஷமாக வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு ஏழு தரம், எட்டுத் தரம்.

சவளக்கடை வயல் வட்டையில் நெல் வெட்டு மெஷின் ஓட்டுகிறவன் அவன். நெல் விளைந்து நிற்கிற காலத்தில் விடிய ஏறினால் பொழுதுபடும்வரை இறங்க நேரமிருக்காது. மற்ற ஓட்டுநர்கள் வயலுக்குப் போனதும் எந்த மூலையிலிருந்து வெட்டத் தொடங்குவது என்று பார்ப்பார்கள். மசூர் வாய்க்கால் எந்தப் பக்கம், மறைவுக்குப் பற்றை எந்தப் பக்கம் என்று பார்ப்பான். பாதி வயலில் மெஷினை நிறுத்திவிட்டு அவன் வரம்பால் ஓடுவதைக் கண்டு வயல் சொந்தக்காரப் போடியார்மார் முதல் வருஷம் சிரித்தார்கள். இரண்டாம் வருஷம் சிரிக்கவில்லை. வேறு மெஷினைக் கூப்பிட்டார்கள்.

அவன் குடியிருந்தது கல்முனைக்குடியில், மனைவி நஜ்லாவின் வீட்டில். நஜ்லா மிளகாய்த்தூளை நிறுத்திப் பார்த்தாள். கருவாட்டை நிறுத்தினாள். தேங்காய்ப் பாலைக் குறைத்தாள். மாதுளந்தோலை அவித்துக் கொடுத்தாள், வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தாள், எருமைத் தயிரில் சோற்றைக் கரைத்துக் கொடுத்தாள். வாழைக்காய் அவியலைத் தின்று தின்று மகள் பஸ்மினாவுக்கு வாழைத்தோப்பைக் கண்டாலே வாந்தி வந்தது. மசூரின் வயிறு மட்டும் யாருடைய சொல்லையும் கேட்கவில்லை. ஐந்து டொக்டர்மார் பார்த்துவிட்டார்கள். ஐந்து பேரும் வயிற்றைத்தான் அமுக்கிப் பார்த்தார்கள்.

பெரும்போக வெட்டு முடிந்த பங்குனியில், கல்முனைப் பஸாருக்குப் பக்கத்தில் புதிதாக டிஸ்பென்சரி திறந்திருந்த ஒரு பொம்பிளை டொக்டரிடம் நஜ்லா அவனைக் கூட்டிப்போனாள். டொக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மசூர் தன் கதையைச் சொல்லச் சொல்ல அவள் எழுதுவதை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட முகம் ஏன் இப்பிடிச் செவக்குது?"

"அது வெயில்ல நிண்டு நிண்டு அப்பிடித்தான், டொக்டர்."

"இப்ப ஃபேனுக்குக் கீழ்தானே இரிக்கீங்க?"

மசூர் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். அடுப்புக்கு முன்னால் இருந்தவன் கன்னம்போல் சுட்டது. டொக்டர் எழுந்து வந்து அவனுக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்து, எச்சிலை விழுங்கச் சொன்னாள்.

"வயித்துக்கு வந்த எனக்குக் கழுத்தப் புடிக்கிறாவே, நஜ்லா," என்றான் மசூர்.

"சும்மா இரிங்க," என்றாள் நஜ்லா.

"இந்தக் கட்டி எப்பயிலிருந்து இரிக்கி?"

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டொக்டர் நஜ்லாவின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். தோலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில், கல்லுப்போல ஒன்று. அவன் விழுங்கியபோது அதுவும் ஏறி இறங்கியது. இரண்டு வருஷமாக இந்த மனிசனின் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று நஜ்லாவுக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கியது.

இரத்தம் எடுத்தது கேதீஸ்வரி என்ற நேர்ஸ் மிஸ். எடுத்த குழாயை உடனே ஐஸ் நிரப்பிய பெட்டிக்குள் வைத்தாள்.

"இது கொழும்புக்குப் போகணும் அண்ணன். சூடு பட்டா நம்பர் பிழைச்சிரும்."

"மீனுதான் ஐஸ்ல வெச்சிக் கொழும்புக்குப் போறதக் கண்டிரிக்கன். இப்ப என்ட ரத்தமும் போகுதே. இந்த டெஸ்ட்டுக்கு என்ன பேர், மிஸ்?"

"கல்சிடோனின்."

"கல்சித்தோணியா?"

கேதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. "ஓம், அப்பிடியே வெச்சிக்கங்க. தோணி எண்டா மறக்காதுதானே."

அப்படித்தான் அந்தப் பெயர் அவர்கள் வீட்டுக்குள் வந்தது.

பத்து நாளில் மறுமொழி வந்தது. டொக்டர் ஒரு தாளில் கழுத்தின் படத்தைக் கீறி, அதில் வண்ணத்துப்பூச்சிபோல ஒன்றைக் கீறிக் காட்டினாள்.

"இதுதான் தைரொய்ட். இதுக்குள்ள ஒரு சின்னக் கூட்டம் செல் இரிக்கி. அந்தச் செல்தான் கல்சிடோனினச் சுரக்கிற. எலும்புல உள்ள சுண்ணாம்பு கரைஞ்சி ரத்தத்துல கூடிப்போனா, போதும் நில்லு எண்டு சொல்ற சாமான் அது. நம்மள்ட எல்லாருக்கிட்டயும் இரிக்கி. கொஞ்சமாத்தான் இரிக்கும். பத்துக்குள்ள இரிக்கணும்."

"எனக்கு?"

"ரெண்டாயிரத்து நூறு."

மசூர், பத்து மூட்டை நெல் விளையவேண்டிய இடத்தில் ரெண்டாயிரம் மூட்டை விளைந்தது என்று சொன்னால் எப்படி முழிப்பானோ அப்படி முழித்தான்.

"அந்தச் செல் பெருகிக் கட்டியா வந்திட்டு. அது அளவில்லாமச் சுரந்து கொட்டுது. அதாலதான் முகம் செவக்கிற, அதாலதான் வயித்தால போற. வயித்துல ஒரு குறையும் இல்ல." டொக்டர் நஜ்லாவின் பக்கம் திரும்பினாள். "சாப்பாட்டுலயும் ஒரு குறையும் இல்ல. இது கேன்சர்தான். நான் மறைக்கல்ல. ஆனா மெதுவாப் போற சாதி. வெட்டி எடுக்கலாம்."

"எல்லாத்தையும் எடுத்தா எலும்பு கரைஞ்சி போகாதா டொக்டர்?" என்று மசூர் கேட்டான். அந்த நேரத்திலும் அவனுக்கு அதுதான் கவலை.

"போகாது. சுண்ணாம்பப் பாத்துக்க உடம்புல வேற ஆளும் இரிக்கி. கல்சிடோனின் இல்லாம மனிசன் இரிக்கலாம். தைரொய்ட் குளிசை மட்டும் மௌத்தாகும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் குடிக்கணும்."

கொழும்பில் கழுத்தைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்தார்கள். பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தான். அடுத்த நாள் காலை நஜ்லா அடுப்படியிலிருந்து மூன்று தரம் எட்டிப் பார்த்தாள். மூன்று தரமும் மசூர் கதிரையை விட்டு எழும்பவில்லை. பிளேன்டீயைக் குடித்துவிட்டு, கழுத்தில் பெரிய பிளாஸ்டரோடு, சீனிக் கோப்பையில் ஏறும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் போகல்லியா?"

"இல்ல."

"நேத்து?"

"ஒருக்கா. அதுவும் மனிசனுக்குப் போற மாதிரி."

நஜ்லா நிலத்தில் குந்திவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். அன்று பகலைக்கு அவள் சூரைமீன் ஆணம் காய்ச்சினாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மிளகாய்த்தூள் மணத்தது. மசூர் மூன்று கோப்பை சோறு தின்றுவிட்டு, கையைக் கழுவ மனமில்லாமல் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இது பரம்பரையில் வருகிற சாதி என்று மசூரின் இரத்தத்தில் தெரிந்தது. மகளுக்கும் பார்க்கவேண்டும், கூடப் பிறந்தவர்களுக்கும் பார்க்கவேண்டும் என்றார்கள். பஸ்மினாவுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய இரத்தம் போய் மறுமொழி வரும்வரைக்கும் நஜ்லா ஒழுங்காகத் தூங்கவில்லை. மகள் தண்ணீர் குடித்தால் தொண்டையைப் பார்த்தாள், கக்கூசுக்குப் போனால் எத்தனை தரம் என்று பார்த்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு கேதீஸ்வரி போன் எடுத்து, "அக்கா, பிள்ளைக்கு இல்ல. தகப்பன்ட அந்தக் குறை பிள்ளைக்கு வரல்ல," என்றாள். நஜ்லா அந்த இடத்திலேயே தொழுகைப் பாயை விரித்தாள்.

அடுத்த நாளே இருவரும் அட்டாளைச்சேனைக்குப் பஸ் ஏறினார்கள். மசூருக்குக் கூடப் பிறந்தது மூத்த ராத்தா ஒருத்திதான். சபியா உம்மா. புருஷன் மௌத்தாகி ஏழு வருஷம். ஒரே மகள் றுஸ்தாவுக்குப் பாலமுனையில் மாப்பிள்ளை பேசி, இரண்டு மாதத்தில் கலியாணம் என்று நாளும் வைத்திருந்தாள். மகளுக்கென்று கட்டிய வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. வீடு முழுக்க அந்த நெடி. சபியா உம்மா கிணற்றடியில் சூடை மீனைச் செதிள் போக்கிக்கொண்டிருந்தாள். நஜ்லா விஷயத்தைச் சொன்னதும் அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கென்ன கெடக்கு? நான் நல்லாத்தானே இரிக்கன்."

"நல்லா இரிக்கக்குள்ளயே பாக்கணும் எண்டுதான் டொக்டர் சொன்ன, மதினி."

"பாத்து? இரிக்கி எண்டு வந்தா? பாலமுனை ஆக்களுக்கு நான் என்னத்தச் சொல்ற? பொண்ட உம்மாக்குக் கேன்சர், பொண்ணுக்கும் நாளைக்கு வரும் எண்டா சொல்ற? அந்தப் புள்ளைய ஆரு எடுப்பான்? கலியாணம் முடியட்டும் புள்ள. மறுகா நீ எங்க கூப்புட்டாலும் வாறன்."

"மறுகா, மறுகா எண்டுதான் நானும் ரெண்டு வருஷம் இருந்த, ராத்தா," என்றான் மசூர். கழுத்துக் காயம் இன்னும் சிவப்பாக இருந்தது. குரல் கொஞ்சம் அடைத்திருந்தது. "வாப்பா எப்பிடி மௌத்தான?"

"வாப்பாவ என்னத்துக்கு இதுக்குள்ள இழுக்கிற?"

"சொல்லுங்களன்."

"வயித்து நோய். சும்மா போய்க்கிட்டே இருந்திச்சி, கடைசில எலும்பும் தோலுமா..." சபியா உம்மாவின் கத்தி நின்றது. "கழுத்தச் சுத்தி எந்த நேரமும் ஒரு துவாய் போட்டிருப்பாரு."

"என்னத்துக்கு?"

"கண்டமாலை எண்டு சொன்னாங்க. வீங்கிக் கெடந்திச்சி. வெளியால தெரியாம இரிக்கட்டும் எண்டு." அவள் ஒரு மீனை எடுத்தாள், திரும்ப வைத்தாள். "நாப்பத்தியெட்டு வயசு. எனக்கு இப்ப நாப்பத்தியேழு."

பெயின்ட் அடிக்கிறவர்கள் உள்ளே ஏணியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எண்டாலும் கலியாணம் முடியட்டும்," என்றாள் சபியா உம்மா.

விறாந்தையில் தையல் மெஷினில் இருந்த றுஸ்தா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மாமி, உம்மாக்கு அது இல்லாட்டி எனக்கு?"

"உம்மாக்கு இல்லாட்டி உனக்கும் இல்ல. நீ பாக்கவே தேவல்ல."

"உம்மா பாக்காட்டி?"

"நீதான் பாக்கணும்."

"அப்ப நாளைக்கு நான் வாறன். என்ன நேரத்துக்குப் போகணும்?"

சபியா உம்மா எழும்பிவிட்டாள். கை முழுக்க மீன் செதிள். "கலியாணப் புள்ள ரத்தம் குடுக்க லெப்புக்குப் போறதா? நாலு பேர் கண்டா என்ன கதைப்பாங்க?"

"அப்ப நீங்க போங்க."

"இவளுக்குத் தெரியும் நஜ்லா, எனக்கு ஊசி எண்டாலே ஏலாது எண்டு. இவளப் பெறக்குள்ளயே அந்த நேர்ஸ்ட கைய நான் கடிச்ச."

"நான் உங்கட கையப் புடிச்சிக்கிறன், மதினி," என்றாள் நஜ்லா. "என்னக் கடிங்க."

மறுநாள் சபியா உம்மா கடிக்கவில்லை. ஆனால் கேதீஸ்வரி ஊசியை எடுத்த நேரம் அவள் பிடித்த பிடியில் நஜ்லாவின் வளையல் இரண்டு உடைந்தன.

அவளுக்கும் இருந்தது. நம்பர் அறுபத்து நாலு.

"தம்பிக்கு ரெண்டாயிரம் தாண்டினாப் புறகுதான் கண்டம்," என்றாள் டொக்டர். "உங்களுக்கு அறுபத்தி நாலுலயே கண்டிட்டம். ஸ்கேன்ல ஒரு பயறு அளவுதான் இரிக்கி, வெளியால எங்கயும் பரவல்ல. நீங்க நசீபுள்ள ஆள், நல்ல அதிஷ்டம்."

"நசீபு இதுதானா?" என்று சபியா உம்மா வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். "வெளியால மூச்சு விட்டிராத, நஜ்லா."

றுஸ்தாவும் இரத்தம் கொடுத்தாள். அதை யார் கண்டார்களோ, ஒரு கிழமைக்குள் செய்தி அட்டாளைச்சேனையைத் தாண்டிப் பாலமுனைக்குப் போய்விட்டது. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம், மாப்பிள்ளையின் உம்மா ஜெஸீமா, ஒரு சட்டித் தயிரோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் ஆட்டோவில் வந்து இறங்கினாள். சபியா உம்மாவைப் பார்க்க வந்திருந்த நஜ்லா ஜன்னலால் கண்டாள்.

"மதினி, பாலமுனை ஆள்."

சபியா உம்மா முக்காட்டைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஜெஸீமா வந்து இருந்தாள். தயிர்ச்சட்டியை நிலத்தில் வைத்தாள். "நாங்க கேள்விப்பட்ட உண்மையா மச்சி?"

நஜ்லா பதில் சொல்ல வாயெடுத்தாள். சபியா உம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு வாரமாக ஒளித்து வைத்திருந்ததை, நிலத்தைப் பார்த்தபடி, தானே ஒன்றும் விடாமல் சொன்னாள். வாப்பாவின் துவாயைச் சொன்னாள், தம்பியின் ரெண்டாயிரத்தைச் சொன்னாள், தன்னுடைய அறுபத்து நாலையும் சொன்னாள்.

"புள்ளைக்கு ரிசல்ட் இன்னும் வரல்ல. இரிக்கவும் செய்யலாம், இல்லாமலும் போகலாம். உங்களுக்கு வேணாம் எண்டா இப்பவே சொல்லிருங்க, மச்சி. நான் ஒரு கோவமும் பட மாட்டன்."

"நான் அதக் கேக்கல்ல. ஒப்பரேஷன் எப்ப எண்டு கேக்கத்தான் வந்த."

"வாற மாசம் பத்தாம் தேதி."

"கலியாணம் இருவதாம் தேதி. கழுத்துல தையலோட பந்தலுக்குள்ள எப்பிடி நிப்பீங்க? பொண்ட உம்மா ஆஸ்பத்திரில கெடக்க நாங்க வந்து சோறு திங்கிறதா? சிறுபோக வெட்டு முடியட்டும். அதுக்குப் புறகு கலியாணத்த வெப்பம்."

சபியா உம்மா தலையை நிமிர்த்தினாள். "அப்ப வேணாம் எண்டு..."

"ஆரு சொன்ன? றுஸ்தா நேத்தே மகனுக்குப் போன் எடுத்து எல்லாத்தையும் சொல்லிட்டாளே. அவன் என்னத்தக் கேட்டான் தெரியுமா? கலியாணம் முடிச்சாப் புறகு நான்தானே கிளினிக்குக் கூட்டித் திரியிற, இப்பவே டொக்டர்ட பேரச் சொல்லு எண்டானாம்."

உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஏதோ விழுந்தது. றுஸ்தாவாகத்தான் இருக்கும். நஜ்லா சிரிப்பை அடக்கப் பிளேன்டீ ஊற்ற எழும்பினாள்.

ஜெஸீமா அவளைக் கையால் மறித்து, குரலைத் தாழ்த்தினாள். "நஜ்லா, அந்தக் கல்சித்தோணி எங்க பாக்கிற? என்ட மனிசனுக்கும் ஒரு கிழமையா வயித்தால போகுது."

"என்ன சாப்புடுறாரு மாமா?"

"வேறென்ன? வளவுல பலா பழுத்திரிக்கி. காலைல பாதி, பின்னேரம் பாதி."

"அப்ப அது தோணியில்ல, பலாப்பழம். ரெண்டு நாளைக்கு நிப்பாட்டிப் பாருங்க. கழுத்தையும் ஒருக்காத் தடவிப் பாத்திருங்க."

சபியா உம்மா சிரித்ததை நஜ்லா அந்த மாதத்தில் அன்றுதான் கண்டாள்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. சபியா உம்மாவுக்கு ஒப்பரேஷன் நடந்தது. றுஸ்தாவுக்கு இல்லை என்று மறுமொழி வந்தது. அன்று பாலமுனையிலிருந்து மறுபடியும் ஒரு சட்டித் தயிர் வந்தது. சிறுபோகத்துக்கு மசூர் மெஷினில் ஏறினான். சவளக்கடையில் ஒரு போடியாரின் பதினைந்து ஏக்கரை இரண்டே நாளில், நடுவில் நிறுத்தாமல் வெட்டிக் கொடுத்தான். அவனுடைய நம்பர் பதினெட்டில் நின்றது. பத்துக்குக் கீழே இறங்கவில்லை. எங்கேயோ ஒரு துளி ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டு வருவோம் என்றாள் டொக்டர். மசூர் சரி என்றான். ரெண்டாயிரத்தோடு மெஷின் ஓட்டியவனுக்குப் பதினெட்டு பெரிதாகத் தெரியவில்லை. நஜ்லாவுக்குத் தெரிந்தது. ஆனால் ஆறு மாதத்தில் ஒரு நாள் பயப்பட்டால் போதும், மற்ற நாளெல்லாம் அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று அவள் மனதைச் சரிப்படுத்திக்கொண்டாள்.

புரட்டாதியில் கலியாணம். பெண் வீட்டு வளவில் பந்தல் போட்டு, பின்னால் ஆறு அடுப்பு மூட்டி, விடியற்காலையிலிருந்து சமையல். சபியா உம்மாவின் கழுத்துக் காயம் ஆறி, மெல்லிய கோடாக இருந்தது. ஆனால் குரல் இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் சரியாகும் என்று சொல்லியிருந்தார்கள். பெண்ணின் உம்மாவுக்குக் கலியாணத்தன்று குரல் இல்லையென்றால் எப்படி? நஜ்லாவைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டாள். சபியா உம்மா காதுக்குள் சொல்வாள், நஜ்லா கத்துவாள்.

"நெய்ச்சோத்துக்கு உப்புப் பாத்தாச்சா எண்டு கேளு."

"நெய்ச்சோத்துக்கு உப்புப் பாத்தாச்சா!"

"அந்த மாட்டெறச்சிச் சட்டிய இறக்கச் சொல்லு, அடிப்புடிக்கப் போகுது."

"எறச்சிச் சட்டிய இறக்குங்க!"

நிந்தவூரிலிருந்து வந்திருந்த ஒரு தூரத்து உறவுக்காரி, தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள், திருவுவதை நிறுத்திவிட்டுச் சபியா உம்மாவையே பார்த்தாள். "என்ன சபியா, கழுத்துல கீறல்? குரலும் இல்ல?"

அடுப்படியில் சத்தம் குறைந்தது. எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரிந்ததுதான். ஆனால் முகத்துக்கு நேரே இதுவரை ஒருத்தியும் கேட்கவில்லை. நஜ்லா அவசரமாக, "அது ஒண்டுமில்ல ராத்தா, சளித் தடிமன்..." என்று தொடங்கினாள்.

சபியா உம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள். முக்காட்டைப் பின்னால் தள்ளி, கழுத்தை முழுதாக வெளியே காட்டினாள். பிறகு நஜ்லாவின் காதுக்குக் குனிந்தாள்.

"சத்தமாச் சொல்லு. கழுத்துல கட்டி இருந்திச்சி, ரத்தத்துல கண்டுபுடிச்சி வெட்டி எடுத்தாச்சி எண்டு சொல்லு. எங்கட வாப்பாக்கும் இதுதான் எண்டும் சொல்லு."

"மதினி, மாப்புள ஆக்கள் முன்னுக்கு வந்திட்டாங்க. கேக்கும்."

"கேக்கட்டும். கேக்கத்தான் சொல்ற."

நஜ்லா மூச்சை இழுத்துக்கொண்டு, ஆறு அடுப்புக்கும் பந்தலுக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னாள். ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அகப்பை பிடித்தவர்கள் அகப்பையோடும், வெங்காயம் வெட்டியவர்கள் கத்தியோடும், ஒரு கையால் தங்கள் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேங்காய் திருவியவள் இரண்டு தரம் எச்சிலை விழுங்கிப் பார்த்தாள்.

"அந்த டெஸ்ட்டுக்கு என்ன பேர்?" என்று அவள் கேட்டாள்.

சபியா உம்மாவுக்கு அதைச் சொல்ல யாருடைய வாயும் தேவைப்படவில்லை. இருந்த குரலைத் திரட்டி, கரகரத்து, தானே சொன்னாள்.